சார் ஒரு வார்த்தை சொல்லட்டும்

பிப்ரவரி 6, வியாழன்

இன்று புரொஜெக்டர் தூக்கிக்கொண்டு போனேன். புரொஜெக்டர், ஒயர் சுருள், பிளக் செருகுகிற நீள போர்டு, எல்லாம் என் தோளில். ஆபீசில் கடைசியாகச் சேர்ந்தவன் தூக்க வேண்டும் என்பது வழக்கம். கடைசியாகச் சேர்ந்தவனுக்கு நாற்பத்தேழு வயது என்பது யார் குற்றமும் இல்லை.

போன இடம் ஒரு மருந்துக்கடைக்காரரின் அலுவலகம். ஊர் முழுக்க அவருக்குக் கிளைகள். எந்தக் கடையில் எந்த மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று ஒரே திரையில் தெரிய வேண்டும், தீரப்போகிற மாத்திரைக்குத் தானாகவே ஆர்டர் போய்விட வேண்டும். இப்படி ஒரு சாஃப்ட்வேர் கேட்கிறார். பாஸ், குருவி, நான் மூன்று பேரும் போனோம்.

குருவி எங்கள் டீம் லீட். பெயர் அதுவல்ல, ஆபீசே அப்படிக் கூப்பிடுகிறது. ஆளும் சின்னது, குரலும் சின்னது. இருபத்தேழு வயதில் ஆறு வருஷ அனுபவம். எனக்கு இந்தத் தொழிலில் எட்டு மாசம். நான் எழுதுகிற புரோகிராமையெல்லாம் படித்துத் திருத்துகிறவள் அவள்தான். "இது ஓடுது, சரி. ஏன் ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். பாதி நேரம் தெரியாது. நேரில் நான் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். அவள்தான் பாவம், என்னை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் திண்டாடினாள். "அங்கிள்னா அடிக்க வருவீங்க. சார்னா உங்களை வேலை வாங்கவே முடியாது." கடைசியில் "இங்க பாருங்க" என்பதே என் பெயராகிவிட்டது.

கதவைத் திறந்ததும் கடைக்காரர் எழுந்து நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். ஒயரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கை கொடுத்தேன். உட்காரச் சொல்லி நடு நாற்காலியைக் காட்டினார். குருவி அரை மணி நேரம் விளக்கினாள். அவர் கேள்வியெல்லாம் என்னைப் பார்த்தே கேட்டார், பதிலெல்லாம் அவளே சொன்னாள். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எல்லாம் சரி. சார் ஒண்ணுமே பேசலையே. சார் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ் முகத்தில் வியர்வை.

"கவலைப்படாதீங்க. நாங்க இருக்கோம்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் விமான டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து சொன்ன வாசகம். விமானத்தைத் தவறவிட்டவர்களிடம் சொன்னது. சனங்கள் போனிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்து, அந்தக் கம்பெனியை மூடிய பிறகு ஆறு மாசம் கோர்ஸ் படித்து இங்கே வந்து சேர்ந்தேன். பழைய வாய் மட்டும் கூடவே வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பாஸ் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். கதவைச் சாத்தச் சொன்னதும் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இனிமே அந்தக் கடைக்காரர் மீட்டிங்குக்கு எல்லாம் நீங்க வரணும். அவர் உங்களைத்தான் சீனியர்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

"நான் சொல்லிடட்டுமா சார்?"

"எதுக்கு? நாம பொய் சொன்னமா? அவரா நினைச்சார். நீங்க பேசக்கூட வேண்டாம். தலையாட்டினா போதும்."

வெளியே வந்து குருவியிடம் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட நேத்தே சொல்லிட்டார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "போன கம்பெனியிலயும் இப்படித்தான். அங்க ஒரு மீசைக்காரர் இருந்தார்."

பிப்ரவரி 9, ஞாயிறு

தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் பாஸ். காதோரம் கொஞ்சம் வெள்ளை தெரிந்தால் நல்லதாம்.

கோர்ஸ் முடித்து வேலை தேடின நாட்களில் நேர்காணலுக்கு நேர்காணல் சாயம் அடித்துக்கொண்டு போனவன் நான். வீட்டுக்காரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சாயம் அடிச்சு வாங்கின வேலையை இப்ப சாயம் போக்கிக் காப்பாத்தணுமா? விளங்கிடும்." அவள் நர்ஸ். வார்டில் எத்தனையோ வேஷம் பார்த்தவள். சிரித்து முடித்துவிட்டு, "யாருக்கும் கெடுதல் வராதே?" என்று கேட்டாள்.

வராது என்றேன். தலையாட்டுவதில் என்ன கெடுதல்?

பிப்ரவரி 17, திங்கள்

மீட்டிங். தலையாட்டினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தலையாட்டல் போதவில்லை. கடைக்காரர் நேராகக் கேள்வி கேட்கிறார். அதனால் ஒரு ஏற்பாடு. குருவி என் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டுவாள், அது என் திரையில் வரும், நான் ஒரு நிமிஷம் யோசிப்பது போல மேலே பார்த்துவிட்டு அதைச் சொல்லுவேன்.

இன்று அவள் தட்டியது: 'ஒரே நேரத்தில் எல்லாக் கடைகளிலும் மாற்ற வேண்டாம், ஒரு கடையில் முதலில் செய்து பார்ப்போம்.' நான் சொன்னது: "என் அனுபவத்துல சொல்றேன் சார், அகலக்கால் வைக்க வேண்டாம். ஒரு கடையில முதல்ல பார்ப்போம்."

கடைக்காரர் மேஜையைத் தட்டினார். "இதுக்குத்தான் சார் அனுபவம் வேணும்கறது!"

போன வாரம் அதையே குருவி சொன்னபோது "பார்க்கலாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது லிஃப்டில், "அந்த 'என் அனுபவத்துல' நான் தட்டலையே" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கை என்றே நினைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

நான் எழுதிக்கொடுத்த ஒரு சின்ன வேலை திரும்பி வந்தது. ஒரே தப்பை மூன்றாவது முறை செய்திருக்கிறேனாம். அவள் கோபப்படவில்லை. "இங்க பாருங்க, உங்களுக்கு உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. வாரத்துல பாதி மீட்டிங்ல போகுது. இப்படியே போனா ரெண்டு வருஷம் கழிச்சும் இதே இடத்துலதான் இருப்பீங்க."

உண்மை. எனக்குச் சற்று முன்னால் சேர்ந்த பையன்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு உண்மை, இங்கே மட்டும் எழுதுகிறேன். நடு நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டு மாசமாகத் தினமும் எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒருத்தர் எழுந்து நின்று கை கொடுத்தால் எப்படியிருக்கும்?

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது மகளிடம் பரீட்சை பற்றி ஏதோ சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே, "மீட்டிங் குரல்ல பேசாதப்பா" என்றாள்.

அப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறதா?

மார்ச் 21, வெள்ளி

முதல் கடையில் சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது. கடைக்காரருக்கு அவசரம். எல்லாக் கடைகளிலும் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆரம்பித்துவிட வேண்டுமாம்.

குருவி கூடாது என்கிறாள். காரணத்தை எனக்குப் பொறுமையாகச் சொன்னாள், நானும் புரிந்துகொண்டேன் — புரியவில்லை என்று பின்னால் சொல்லிக்கொள்ள முடியாது. மற்ற கடைகளில் பழைய கணக்கைப் பெட்டிக் கணக்காக வைத்திருக்கிறார்கள். இரண்டு கடைகளில் மட்டும் சில மருந்துகளுக்கு அட்டைக் கணக்கு. ஒரு பெட்டிக்குள் பத்து அட்டை. அதைச் சரிபார்க்காமல் ஏற்றினால் நாற்பது அட்டை இருக்கிற இடத்தில் நாற்பது பெட்டி இருப்பதாகக் காட்டும். கையிருப்பு ஏராளம் என்று நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் ஆர்டரே போடாது.

"எந்த மருந்து எந்தக் கணக்குல இருக்குன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துத் தெரியாது. அந்த ரெண்டு கடைக்கும் நேர்ல போய் எண்ணணும். ரெண்டு வாரம் வேணும்."

பாஸிடமும் சொல்லியிருக்கிறாள். பாஸ் "பார்ப்போம்" என்றிருக்கிறார்.

மார்ச் 27, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

குருவி இன்று வரவில்லை. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மீட்டிங்கைத் தள்ளிப் போடலாம் என்றேன். பாஸ், "சும்மா அரை மணி நேரம், நான் பார்த்துக்கறேன்" என்றார்.

கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "ஒண்ணாம் தேதி ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?" என்றார். பாஸ் சுற்றி வளைத்து ஏதோ சொன்னார். கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "உங்களைக் கேட்கலை. சார் ஒரு வார்த்தை சொல்லட்டும். சார் வேண்டாம்னா நான் பேசாம இருந்துடறேன்."

சார் வேண்டாம் என்றால்.

என் திரை காலியாக இருந்தது. 'ரெண்டு வாரம் வேணும்', அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயில்கூட வந்துவிட்டது. ஆனால் ஏன் என்று கேட்பார். பெட்டி, அட்டை என்று நான் ஆரம்பித்து, அவர் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டால்? அவ்வளவு நாள் கட்டின வேஷம் ஒரே கேள்வியில் அவிழ்ந்துவிடுமே. பாஸ் வேறு மேஜைக்கடியில் காலால் காலைத் தட்டினார்.

"ஆரம்பிக்கலாம் சார்" என்றேன். "சின்னச் சின்னப் பிரச்சினை வரத்தான் செய்யும். பார்த்துக்கலாம்."

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. சொன்ன அந்த நொடியில், எனக்கே நான் இருபத்திரண்டு வருஷக்காரன் என்று தோன்றிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

குருவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். வந்தாள், பையை வைத்தாள். "யார் சொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மூன்று நாளில் எவ்வளவு சரிபார்க்க முடியுமோ அவ்வளவு. நான் ஏதாவது செய்யட்டுமா என்றேன். "காபி வேணா வாங்கிட்டு வாங்க" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே என்னால் ஆகக்கூடியது அதுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எல்லாக் கடைகளிலும் ஓடுகிறது. கடைக்காரர் இனிப்பு அனுப்பியிருக்கிறார், என் பெயர் எழுதி. குருவி எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்த இரண்டு கடைகளிலிருந்தும் போன் மேல் போன். திரையில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு பையன் விழுந்துவிட்டான்.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன். இருபத்தாறு வயதாம். அவன் வழக்கமாக வாங்குகிற கடையில் தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்து அடுத்த கடையில் நிறைய இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் இல்லை. அவர்களும் கம்ப்யூட்டரைப் பார்த்து முதல் கடைக்கே திருப்பியிருக்கிறார்கள். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று மூன்று நாள் ஓடியிருக்கிறது. அவனும் நம்பியிருக்கிறான். கம்ப்யூட்டரே சொல்கிறதே! இன்று காலை இரண்டாவது கடை வாசல் படியில் வலிப்பு வந்து விழுந்து மண்டையில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை. இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன், எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வலிப்பு மாத்திரையை ஒரு வேளை விட்டாக்கூடச் சிலருக்குத் தாங்காதுங்க. ரோட்டு நடுவுல விழுந்திருந்தா?" துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நான்தானே சொன்னேன் கெடுதல் வராது என்று.

ஏப்ரல் 10, வியாழன்

கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். பாஸ், குருவி, நான்.

இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் கண் மட்டும் முதலில் என்னிடம்தான் வந்தது. "நீங்க இருந்தும் இப்படியா சார்?" என்றார், வருத்தமாக. கோபமெல்லாம் குருவி மேல். "சின்னப் பிள்ளைங்க கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்னு எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுது. விளையாட்டா இது? மருந்தும்மா! மனுஷன் உயிர்!"

குருவி வாயைத் திறந்தாள். அதற்குள் பாஸ் முந்திக்கொண்டார். "நீங்க சொல்றது வாஸ்தவம் சார். அனுபவக் குறைவு. இனிமே இவங்க இந்த வேலையில இல்லை. சாரே நேரடியாப் பார்த்துப்பார்."

இது எனக்குத் தெரியாது. குருவிக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினாள், சத்தம் வராமல். நான் இதுவரை பார்த்ததில் அப்படியொரு—

பேசிவிட்டேன்.

"சார், அனுபவம் இல்லாதது எனக்குத்தான்."

கடைக்காரர் முகம் இளகிவிட்டது. பாஸைப் பார்த்து, "பார்த்தீங்களா? தன் கீழ இருக்கறவங்க தப்பைத் தன் தலையில போட்டுக்கறார். நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நிறைகுடம் இல்லை சார். காலிக்குடம்."

சிரித்தார். சிரிக்கிறாரே! உண்மையைச் சொன்னாலும் அடக்கம் என்கிறாரே, என்ன செய்ய?

"நான் இந்த வேலைக்கு வந்து பத்து மாசம்தான் ஆகுது சார். அதுக்கு முன்னாடி விமான டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்தேன். நான் உங்ககிட்டப் பேசினதெல்லாம் இவங்க பக்கத்துல உட்கார்ந்து தட்டிக் கொடுத்தது. ஒண்ணாம் தேதி வேண்டாம், ரெண்டு வாரம் வேணும்னு இவங்க சொன்னாங்க. எனக்கும் தெரியும், எங்க பாஸுக்கும் தெரியும். இவங்க இல்லாத அன்னைக்கு ஆரம்பிக்கலாம்னு சொன்னது மட்டும்தான் நானா சொன்னது."

கடைக்காரர் என் தலையைப் பார்த்தார், காதோரம். பிறகு குருவியைப் பார்த்தார். இரண்டு மாசத்தில் முதல் முறையாக அவளை முழுசாகப் பார்க்கிறார்.

"டிக்கெட்டா?" என்றார் என்னிடம்.

"ஆமா சார்."

"வெளியே இருங்க."

என்னை மட்டும்தான். வராந்தாவில் நின்றேன். உள்ளே குருவியின் குரல் கேட்டது, சின்னக் குரல், நிற்காமல். ஒரு தடவைகூட யாரும் குறுக்கே பேசவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பாஸ் கத்தவில்லை. "உங்க வயசுல யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் உங்களை எடுத்தேன்" என்றார். "நீங்க எனக்குப் பண்ணினது இது." ஆபீஸ் அடையாளக் கார்டைக் கேட்டார், கொடுத்தேன்.

அவர் எடுத்ததும் உண்மைதானே. வேறு யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருவி போன் செய்தாள். நன்றி சொல்லுவாள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உங்களை எனக்காகப் பேசச் சொன்னேனா?"

"இல்லை, உங்களை அந்த வேலையிலேருந்து எடுத்துட்டா—"

"எடுத்திருந்தா நான் பார்த்துக்கிட்டிருப்பேன். அன்னைக்கே, அந்த இருபத்தேழாம் தேதி, 'குருவியைக் கேட்டுச் சொல்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு வாய் வரலை. எல்லாம் முடிஞ்சப்புறம் வீராவேசமா எழுந்து நின்னு பேசறீங்க. ஒண்ணு சொல்லட்டுமா? அதையும் உங்க வயசுக்காகத்தான் அவர் நம்பினார். நான் ஆறு வருஷம் தொண்டை கிழியச் சொன்னாலும் கேட்காத ஆளுங்க, 'இவங்களுக்குத்தான் தெரியும்'னு நீங்க சொன்ன உடனே கேட்கறாங்க. எனக்குத் தெரியும்ங்கறதுக்குக்கூட நரைச்ச தலை ஒண்ணு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு!"

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை வரி மாறாமல் மேலே எழுதியிருக்கிறேன்.

கடைக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கவில்லையாம், வேலையை அவளே பார்க்கட்டும் என்றாராம். திட்டுவதற்கு நடுவில் அதையும் சொன்னாள்.

ஏப்ரல் 21, திங்கள்

அந்தப் படியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போனேன்.

சாதாரணப் படி. இரண்டே இரண்டு. ஓரத்தில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறது. கடைப்பெண்ணிடம் தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு, சும்மா கேட்பது போல அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். "முந்தாநேத்து வந்து வாங்கிட்டுப் போனாருங்க, கட்டோட. 'இப்பவாவது உங்க கம்ப்யூட்டர் உண்மை பேசுதா?'ன்னு கேட்டாரு" என்றாள்.

உள்ளே கிடங்கில் யாரோ தரையில் உட்கார்ந்து அட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குருவி. என்னைப் பார்த்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து அடுத்த பெட்டியை எடுத்துப் பிரித்தேன்.

ரொம்ப நேரம் எண்ணினோம். அட்டை சரசரக்கிற சத்தம் மட்டும். என் முதுகு கெஞ்ச ஆரம்பித்த நேரத்தில், தலை நிமிராமல் சொன்னாள்: "இங்க பாருங்க. பாதி வெட்டின அட்டையை முழு அட்டையோட சேர்க்காதீங்க. தனியா வைங்க."

தனியாக வைத்தேன்.

போகும்போது, "நாளைக்கு அடுத்த கடை" என்றாள். மறுநாளும் வரச் சொல்கிறாளா, தகவல் சொல்கிறாளா? தெரியவில்லை. போகத்தான் போகிறேன்.

மே 6, செவ்வாய்

நேர்காணலுக்குப் போனேன். வாசலில் இருந்த பெண் எழுந்து நின்று, "மேனேஜர் இன்டர்வியூ மூணாவது மாடி சார்" என்றாள். இல்லைம்மா, ஜூனியர் என்றேன். அவள் முகத்தில் வந்தது பரிதாபம். வேறென்ன வரும்?

மே 22, வியாழன்

இன்னொன்று. எதிரில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"உங்களைவிடச் சின்னவங்க கீழ வேலை பார்க்க முடியுமா சார்?"

"பார்த்திருக்கேன்."

"பிரச்சினை வரலையா?"

"வந்தது. அவங்களால வரலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதையோ குறித்துக்கொண்டார்கள். கிடைக்காது.

மே 30, வெள்ளி

கிடைக்கவில்லை.

வீட்டுக்காரி டபுள் ட்யூட்டி போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் ஆள் குறைவு என்கிறாள். பகலெல்லாம் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும் — மீட்டிங் இல்லாததால் வேலை கற்றுக்கொள்கிறேன். மூன்று முறை செய்த அந்தத் தப்பு ஏன் வருகிறது என்று இன்று மத்தியானம் பளிச்சென்று பிடிபட்டது. சொல்ல ஆளில்லை. சமையலறைக்குப் போய்க் காபி போட்டேன். சந்தோஷத்தில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

குருவியிடமிருந்து போன். இரண்டு கடைகளிலும் அவளோடு உட்கார்ந்து எண்ணி முடித்த பிறகு பேச்சே இல்லை. கடைக்காரர் தினமும் காலையில் அவளைக் கூப்பிடுகிறாராம். "நல்லாப் பேசறாரா?" என்றேன். "எங்க? திட்டறார். ஆனா என்னைத்தான் திட்டறார். முன்னெல்லாம் அந்த மரியாதைகூடக் கிடையாது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவளோடு படித்த ஒருத்தி ஒரு கம்பெனியில் இருக்கிறாள், அங்கே புதியவர்களை எடுக்கிறார்கள். "உங்களைப் பத்திக் கேட்டா. உள்ளதைச் சொன்னேன்."

"என்னன்னு?"

"பத்து மாசம் எனக்குக் கீழ வேலை பார்த்தார். மெதுவாத்தான் வரும், வந்தா நிக்கும். சொன்னதைக் கேட்பார், ஒரே ஒரு தடவை தவிர."

"அந்த ஒரு தடவையையும் சொன்னீங்களா?"

"முழுசாச் சொன்னேன். அவளுக்குச் சரின்னா கூப்பிடுவா. இல்லைன்னா இல்லை."

ஜூன் 24, செவ்வாய்

கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். தெரிந்ததை எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்றேன். மூன்று தடவை சொல்ல வேண்டி வந்தது, மூன்று தடவையும் காது சூடானது.

ஜூலை 3, வியாழன்

எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் பழையதைவிடக் குறைவு. வீட்டுக்காரி, "என்ன வேஷம் போடணும்?" என்றாள். வேஷம் இல்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, மூன்று மாசத்துக்கு அப்புறம் அவள் அசந்து தூங்குவதைப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

முதல் நாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர், எங்களை ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்து இருக்கைப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், கல்லூரி வாசனையே இன்னும் போகவில்லை. காலையில் 'சார்' என்று தள்ளியே உட்கார்ந்திருந்தான். பதினோரு மணிக்கு அவன் புரோகிராம் ஓடவில்லை, என்னுடையதும் ஓடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் குடைந்து, கடைசியில் தப்பு ஒரு காற்புள்ளி என்று கண்டுபிடித்தபோது அவன் என் தோளில் ஒரு போடு போட்டான். சாப்பாட்டு நேரத்தில் அவன் உருளைக்கிழங்கை எடுத்து என் டப்பாவில் வைத்தான், கேட்கவெல்லாம் இல்லை.

மத்தியானப் பயிற்சி ஆறாவது மாடியில். நேரமாகிவிட்டது. அவன் முன்னால் ஓடி லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கத்தினான்:

"சீக்கிரம் வாடா, மூடிடும்!"

சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. லிஃப்டுக்குள் இருந்த மற்றவர்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"வந்துட்டேன்டா" என்று ஓடினேன்.